டீச்சரின் நத்தை மரம்

டீச்சர் வகுப்புக்குள் நுழைந்ததும் வராத பிள்ளைகளின் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவாளாம். வந்தவர்களின் பெயரை அதற்குப் பிறகுதான் வாசிப்பாள். காலி நாற்காலியைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, பதில் வருமோ என்பதுபோல் சற்று நிற்பாள் என்று அவளிடம் படித்த பெண்கள் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்தவள் நான். சிரிக்காமல் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

அவள் என் நாத்தனார், என் கணவரின் ஒரே தங்கை. வீட்டில் பெற்ற தாய் உட்பட எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். அதனால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

மலாக்காவில் காஜா பேராங்கில், கம்பம் என்கிற செட்டிகளின் குடியிருப்பில் எங்கள் வீடு. வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து இறங்கி, இங்கேயே பெண்ணெடுத்து, தமிழை மறந்து, சாமியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டவர்கள். வீட்டுப் பேச்சு மலாய். புக்கிட் ரம்பாய்க்கு அந்தப்புறம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்த நான் அங்கே மருமகளாக வந்தபோது, தமிழில் பேச என் கணவர்கூட இல்லை. அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் தேவாரத்தில் நாலு வரி. டீச்சர்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும்படி மலாயில் கேட்டாள். ஒரு வருடத்துக்குள் என்னிடமிருந்த தமிழ் முழுவதையும் வாங்கிக்கொண்டாள். அது தோட்டத்துத் தமிழ், பூசி மெழுகத் தெரியாத தமிழ். பிற்பாடு என் மானத்தை வாங்கியதும் அதே தமிழில்தான்.

மிஷன் பெண்கள் பள்ளியில் அவள் இயற்கைப் பாடம் நடத்தினாள். பயிற்சிக்காகச் சிங்கப்பூர் போன இடத்தில் நத்தைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் குடையும் பிஸ்கட் டின்னுமாகக் கிளம்பிவிடுவாள். புக்கிட் பாரு சரிவிலும் ஆற்றங்கரையிலும் குனிந்த தலை நிமிராமல் அலைந்து, அரிசியளவு நத்தை ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். அவற்றை அலசுவதற்கு அவளுக்குக் கிடைத்த பாத்திரம், தேங்காய்ப்பால் வடிகட்டும் சல்லடை. அதைப் பார்த்த நாளில் என் மாமியார் சல்லடையை வேலிக்கு வெளியே வீசியெறிந்தார். டீச்சர் போய் எடுத்து வந்து, "நல்லாத்தான் இருக்கு லா" என்று திரும்பவும் அதிலேயே அலசினாள்.

அந்த ஓடுகளை வைத்து அவள் ஒரு குடும்ப மரம் வரைந்துகொண்டிருந்தாள். பழுப்புக் காகிதத்தை ஒட்டி ஒட்டி, அவள் அறைச் சுவரில் ஒரு பக்கம் முழுக்க அந்த மரம். அடியில் ஒரே ஒரு கோடு. அது இரண்டாகப் பிரியும், இரண்டும் மேலே மேலே பிரியும். இன்றைக்கு உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு வகையும் உச்சியில் ஒரு நுனியில் இருக்கும். ஓட்டின் சுழியும் வாயும் வரியும் எவ்வளவு மாறியிருக்கிறதோ, அவ்வளவு காலத்துக்கு முன்னால் பிரிந்தவை என்று ஓர் உத்தேசம். எந்த உயரத்தில் எத்தனை கிளை என்று எண்ணிப் பார்த்தால், புது வகைகள் என்ன வேகத்தில் உண்டாகின்றன என்பது தெரிந்துவிடுமாம்.

"அடியில சோம்பேறித்தனம் பாருங்க அண்ணி. மேல வர வர கடகடன்னு பிரியுது" என்று என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். உச்சியில் துடைப்பம் மாதிரி நெருக்கமாகத்தான் இருந்தது. நத்தைகள் நன்றாக இருந்தால் எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டு, "நல்லாருக்கு" என்றேன்.

சுதந்திரத் தேதியை மலாக்காத் திடலில் அறிவித்த வருடம் அது. ஊரே எதையாவது கொண்டாட வழி தேடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் எல்லோருமாகப் போட்டோ எடுத்துக்கொள்ள ஸ்டூடியோவுக்குப் போனோம். டீச்சர் தன் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றாள். போட்டோக்காரர் தமிழர். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "நடுவுல யாராச்சும் வரணுமாம்மா?" என்று கேட்டார்.

"எங்கப்பா."

"வந்துட்டிருக்காரா?"

"இல்ல. செத்துட்டாரு."

அவர் மறுபடியும் துணிக்குள் போய்விட்டார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், ஏன் இப்படி ஓட்டை விழுந்த மாதிரி நிற்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் செங் பக்கம் புது வீடுகளுக்கு மண் வெட்டினார்கள். டீச்சர் போய்ப் பள்ளத்தில் இறங்கி, ஆழத்து மண்ணை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் அதைச் சலித்தாள். மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்து, அம்மியில் நான் மிளகாய் அரைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாலு, அண்ணி" என்றாள். மாலு என்றால் வெட்கம், அவமானம், தலைகுனிவு எல்லாம்தான். அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் கடைசிவரை தமிழில் சொன்னதில்லை.

மண்ணுக்குள்ளிருந்து வந்த ஓடுகளில் பல, இன்றைக்கு எங்கேயும் இல்லாத வகைகளாம். கிளைவிட்டு வாழ்ந்து அப்படியே அற்றுப்போனவை. அவளுடைய மரத்தில் அவற்றுக்கு இடமே இல்லை.

"செத்த நத்தைக்கு எதுக்கு இவ்வளவு துக்கம்?" என்றேன்.

"ரெண்டு குடும்பம் இருக்குன்னு வைங்க அண்ணி. ஒண்ணு மெதுவாப் பெருகுது, யாரும் சாகல. இன்னொண்ணு வேகமாப் பெருகுது, வேகமாச் சாகுது. கடைசில போய்ப் பாத்தா ரெண்டு வீட்டுலயும் ரெண்டு ரெண்டு பேரு நிப்பாங்க. இருக்கறவங்கள மட்டும் வச்சு மரம் போட்டா ரெண்டும் ஒரே மரம்தான். நான் யாருமே சாகலன்னு வச்சுக்கிட்டு வேகம் கண்டுபிடிச்சேன். கிளாஸ்ல வேற பெருமையாச் சொல்லிட்டேன்."

"உச்சியில நெருக்கமா இருந்துச்சே?"

"அதுங்கல்லாம் இப்பதான் பிரிஞ்சதுங்க. அதுலயும் பாதி போயிடும். இன்னும் நேரம் வரல, அவ்வளவுதான்."

என் கை அம்மியிலேயே நின்றுவிட்டது. முற்றத்தில் என் இரண்டு பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் பெற்றது நான்கு. முதல் பிள்ளை தொட்டிலுக்குப் போகும் முன்பே போயிற்று. மூன்றாவதாகப் பிறந்தவள் பல் முளைக்கிற சமயத்தில் காய்ச்சலில் போனாள். தோட்டத்தில் என் அம்மா வீட்டுக்குப் போனால், வளைகாப்புக்கும் பேர் வைக்கிற இடத்துக்கும் என்னை முன்னால் விடமாட்டார்கள். யாரும் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. தாம்பாளத்தை என் கைக்குத் தராமல் அடுத்தவளுக்குத் தருவார்கள், அவ்வளவுதான். காஜா பேராங்குக்குத் திரும்பி வந்தால் அந்தப் பேச்சே கிடையாது என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இங்கே நான் இரண்டு பிள்ளைக்காரி.

டீச்சர் மறுநாளே வகுப்பில் போய், தான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள். நத்தை எப்படிப் போனால் எங்களுக்கென்ன என்று பிள்ளைகள் விழித்திருக்கும். சுவரிலிருந்த மரத்தில் சிவப்பு மையால் அங்கங்கே குட்டையான கிளைகள் முளைத்தன. பாதியில் நின்றுபோன கிளைகள். நாளாக நாளாக மரம் பார்க்கச் சகிக்காமல் ஆயிற்று.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் குழந்தைக்குத் தொட்டில் போட்டார்கள். வீடு நிறையப் பொடிசுகள். வந்த பெண்கள், இந்த வீடு எப்படிப் பெருகிவிட்டது என்று வாயாரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பலகாரத்தை மென்றபடி, சின்னதுகள் நிறைய இருப்பது பெருகுவதற்கு அடையாளமில்லை, இன்னும் காலம் ஆகவில்லை என்பதற்குத்தான் அடையாளம் என்று மலாயில் சொன்னாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. பாடம் நடத்துகிற குரலில் சொன்னாள். குழந்தையின் பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். தெருவில் அவளிடம், "வாயில சனியனை வச்சிருக்கியா?" என்று கேட்டேன். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். வீடு வருவதற்குள் புரிந்துவிட்டது. முகம் சிவந்து, திரும்பிப் போய் அந்த வீட்டு வாசலில் நெடுநேரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். வெட்கப்படத் தெரியாதவள் அல்ல அவள். அது எப்போதும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார். புக்கிட் பாருவில் இருந்த தமிழ்க் குடும்பம், ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுகிற டிரஸர் வேலை. காலில் ஆணி குத்திய மாணவி ஒருத்தியை டீச்சர் அங்கே கொண்டுபோனபோது பழக்கம். டீச்சரின் நத்தைப் பேச்சைக் கேட்டவர், அந்தப் பெண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும், ஆஸ்பத்திரித் தோட்டத்தில் பொறுக்கிய ஒரு நத்தை ஓட்டைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கொடுத்தனுப்பினார். டீச்சர் அந்தத் தீப்பெட்டியைத் தன் ஓடுகளோடு சேர்க்கவில்லை. துணிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

பெண் பார்க்க வருகிற அன்று காலை என் மாமியார் என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார். தமிழ்ச் சம்பந்தம், அதனால் நான்தான் பேசவேண்டும். அவர் இரண்டு விரலைக் காட்டினார். "டுவா. டுவா சாஜா." இரண்டு, இரண்டு மட்டும். எதைச் சொல்கிறார் என்று அவர் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் மனைவிக்கு மூன்று பிள்ளைகள் தங்காமல் போனதும், மாப்பிள்ளையின் அம்மா பிள்ளை தங்குகிற குடும்பமாகப் பார்த்துக்கொண்டிருப்பதும் எங்கள் காதுக்கு வந்திருந்தது.

அந்த அம்மாள் நல்லவர். சுற்றி வளைக்காமல் என்னையே கேட்டார்.

"எங்க மூத்த மருமகளுக்குப் பிள்ளை தங்கலம்மா. அதான் கேக்கறேன், தப்பா நெனைக்காதே. உனக்கு எத்தனை?"

"ரெண்டுங்க."

"ஒண்ணும் தவறலியே?"

"இல்லீங்க" என்றேன்.

டீச்சர் தேநீர்த் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தாள். தட்டை மேசைமேல் வைத்தாள். என்னைத்தான் பார்த்தாள். "நாலு" என்றாள். "ரெண்டு இருக்கு, ரெண்டு செத்துப்போச்சு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பரிதாபம்தான் இருந்தது. தேநீரைக் குடித்தார்கள், பலகாரத்தில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை. மரியாதையாக விடைபெற்றுப் போனார்கள். அப்புறம் வரவில்லை.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. பொய்க்காரி என்று தெரிந்த வெட்கம், பிள்ளை தங்காதவள் என்ற பேச்சு இங்கேயும் வந்துவிட்ட வெட்கம், இரண்டும் சேர்ந்து வந்தன. அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. பல் முளைக்கும் வரை என் இடுப்பிலேயே இருந்தவளை, யாரோ கேட்டதற்காக இல்லை என்று சொல்லிவிட்டேன். அதை என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. கோபத்தை எல்லாம் டீச்சர்மேல் திருப்பிவிட்டேன். சோற்றை அவள் முன்னால் வைப்பேன், பேசமாட்டேன். சுதந்திரம் வந்து, ஊரெல்லாம் கொடி கட்டி மெர்டேக்கா கொண்டாடிய நாளில்கூட ஒரே பாயில் பக்கத்தில் உட்கார்ந்து பலகாரம் சுட்டோம், ஒரு வார்த்தை இல்லை.

கடைசியில் வாய் திறந்தது நான்தான். துணி பிழிந்துகொண்டிருந்தோம். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில்.

"உன் வாழ்க்கையை நீயே கெடுத்துக்கிட்டியே. என்னையும் கெடுத்தே. அப்படி என்ன உண்மை வேண்டிக்கிடக்கு உனக்கு? இதுவும் நத்தைன்னு நெனச்சியா?"

அவள் துணியைத் திருகுவதை நிறுத்தினாள்.

"உண்மைக்காக இல்ல அண்ணி. பொய் சொன்னா சொல்லட்டும், எல்லாரும்தான் சொல்றாங்க. எனக்குக் கல்யாணம் ஆகணும்னு உங்கள உங்க பிள்ளைய இல்லன்னு சொல்ல வச்சோம். நீங்க சொன்னீங்க. சொல்லிட்டு உங்க கை இடுப்புக்குப் போச்சு, பிள்ளையத் தூக்கி வச்சிருக்கற மாதிரி. நான் பாத்துட்டேன். அப்படி ஒரு கல்யாணம் எனக்கு மாலு."

எனக்கு அவள்மேல் நன்றி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. யார் உன்னைப் பார்க்கச் சொன்னார்கள் என்றுதான் தோன்றியது. துணியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கொடியில் போட்டேன். ஆனால் அன்றிலிருந்து பேசிக்கொண்டோம்.

அவளுக்கு வேறு சம்பந்தம் அமையவில்லை. அவள் கிளை அங்கேயே நின்றுவிட்டது. அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வாள், சிவப்பு மை தீரவில்லை என்று.

அடுத்த போகி வந்தது. போகியன்று எங்கள் கம்பத்தில் பார்ச்சு வைப்பார்கள். இறந்துபோன பெரியவர்களுக்கு வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது. படைத்துவிட்டு, அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று வீட்டிலிருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நிற்போம். பெரியவர்களுக்கு மட்டும்தான் இலை. பல் முளைக்காமல் போனவற்றுக்கு எங்கள் வீட்டில் இலை போட்டதில்லை.

அந்த வருடம் மாமியார் மீனையும் கோழியையும் வைத்து முடித்த பிறகு, இலைக்கட்டிலிருந்து சின்னதாக இரண்டு இலையைக் கிழித்தெடுத்தார். என்னைப் பார்த்து, அவை என்ன சாப்பிடும் என்று கேட்டார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"பெரியவனுக்குப் பால்தான். அவளுக்குக் கஞ்சி, வாழைப்பழம் மசிச்சு" என்றேன்.

டீச்சர் ஓடிப்போய்ப் பாலை ஊற்றிக் கொண்டுவந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். தான் சொன்னது கடைசியில் இந்த வீட்டில் ஏறிவிட்டது என்கிற சந்தோஷம். பாலை இலையோரம் வைத்துவிட்டு நிமிர்ந்தவள், அம்மாவின் கையைப் பார்த்தாள். மாமியார் இன்னும் இலை கிழித்துக்கொண்டிருந்தார். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. என் பிள்ளைகளின் இலைகளுக்குப் பக்கத்தில் அந்த மூன்றையும் வரிசையாக வைத்து, ஈரக்கையால் நீவிவிட்டார்.

"அது யாருக்கும்மா?" என்றாள் டீச்சர்.

"எனக்குப் பிறந்தது. உன் அண்ணனுக்குப் பிறகு, உனக்கு முன்னால்."

டீச்சர் அண்ணனைப் பார்த்தாள். அவருக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த எட்டு வருடத்துக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. ஆற்றங்கரை மண்ணையெல்லாம் சலித்தவளுக்கும் தோன்றவில்லை.

"ஏன் சொல்லல?"

"நீ கேட்கல" என்றார் மாமியார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. பாலில் மீதி இருக்கிறதா என்று பாத்திரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோளில் கிடந்த துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மாலு என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. காதுகள் மட்டும் வெளியே தெரிந்தன, சிவந்துபோய். அந்த வீட்டில் நான் மட்டும்தான் தலைகுனிந்து நடப்பதாக இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு எல்லோரும் எழுந்து வெளியே வந்தோம். மாமியார் கதவைச் சாத்தினார். வழக்கமாக நிற்கிற நேரம் ஆயிற்று. பிள்ளைகள் பசிக்கிறது என்று சிணுங்க ஆரம்பித்தார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கக் கை வைத்தாள்.

"இரு" என்றார் மாமியார். "சின்னதுங்களுக்குத் தானாச் சாப்பிடத் தெரியாது. பெரியவங்க ஊட்டி விடணும். நேரம் கொடு."

டீச்சர் கையை எடுத்துக்கொண்டாள்.